அடுப்படிச் சுவர் யான்புவுக்கு வந்த கதை

சவூதியின் யான்பு நகரில் வீடு தேடும் தமிழ்க் குடும்பம் வாடகையைக் கேட்ட கையோடு அடுத்துக் கேட்பது, "கிச்சன் தனியா இருக்கா, ஓப்பனா?" என்பதைத்தான். துபாயிலும் தோஹாவிலும் குவைத்திலும் இதே கேள்வி. கணவர் படுக்கையறையையும் ஏசியையும் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி நேரே அடுப்பு இருக்கும் இடத்துக்குப் போய், அதற்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு இருக்கிறதா என்று பார்ப்பார். கதவு இருந்தால் வீடு பாதி முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் பேச்சு இழுக்கும். ஒரு சுவரைப் பற்றி இவ்வளவு யோசனையா என்று கேட்பவர்கள், மூடிய வீட்டில் மிளகாய் வற்றல் கிள்ளிப் போட்டுத் தாளித்துப் பார்க்காதவர்கள்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையில் நிற்கும் அந்தச் சுவர் ஒரே இடத்தில் நின்றதே இல்லை. தமிழ்நாட்டில் ஒரு காரணத்துக்காக எழுந்தது, ஜெர்மனியில் வேறொரு காரணத்துக்காக எழுந்தது, அமெரிக்காவில் விழுந்தது. விழுந்த நிலையிலேயே எண்ணெய்க் கம்பெனிகளோடு அரேபியாவுக்கு வந்தது. இங்கே அரபுக் குடும்பங்களும் நம் குடும்பங்களும் அதைத் திரும்ப எழுப்பிக்கொண்டிருக்கின்றன.

யான்பு செங்கடல் கரையில், ஜித்தாவுக்கு வடக்கே இருக்கும் பழைய துறைமுகம். மதீனாவுக்குக் கடல்வாசல் என்பார்கள். பழைய ஊரில் இப்போது புதுப்பித்து வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்தால் அந்தக் காலத்து வாழ்க்கை ஓரளவு பிடிபடும். கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளக் கல்லில் சுவர்; தெருப் பக்கம் பிதுங்கி நிற்கும் மரச்சன்னல் கூடு. அதை ரோஷன் என்கிறார்கள். 1916-ல் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற பிரிட்டிஷ் அதிகாரி தங்கியிருந்ததாகக் காட்டும் வீடும் இந்த வகைதான். பாலைவன நாட்டில் அவ்வளவு மரம் ஏது? தேக்கு கப்பலில் வந்தது. ஜித்தா, யான்பு போன்ற செங்கடல் ஊர்களின் சன்னல்களுக்கு இந்தியக் கரையிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் மரம் போனது. நம் ஆட்கள் பாஸ்போர்ட்டோடு இங்கே வருவதற்குப் பல தலைமுறை முன்பே நம் பக்கத்துத் தேக்கு வந்து, வீட்டுக்குள் இருப்பவரைத் தெருவின் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டு காற்றையும் விட்டுக்கொண்டிருந்தது.

இந்தப் பாணி வீட்டில் விருந்தாளிக்குக் கீழ்த்தளம், குடும்பத்துக்கு மேல்தளம். அடுப்பை மேலே, வானத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். புகை மேலேறிப் போகும்; கீழே உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு வராது. செட்டிநாட்டு வீட்டில் இதையே நீளவாக்கில் செய்தார்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று முற்றம் முற்றமாகக் கடந்து கடைசியில்தான் சமையல்கட்டு. முகப்பில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவருக்குப் பின்கட்டில் என்ன வேகிறது என்பது இலை போட்ட பிறகுதான் தெரியும். ஒருவர் அடுப்பை உயரத்துக்கு அனுப்பினார், இன்னொருவர் தூரத்துக்கு அனுப்பினார். விறகுப் புகை, தீப்பிடிக்கும் பயம், விருந்தாளிக்கு மரியாதை என்று காரணங்கள் பொதுவானவை.

நம் வீட்டுச் சுவரில் வேறொன்றும் பூசியிருந்தது. சமையலறைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதை ஆசாரம் முடிவு செய்தது. வெளிச்சாதிக்காரருக்குத் தடை. வீட்டுப் பெண்ணுக்கே மாதத்தில் மூன்று நாள் தடை. மிச்ச நாளெல்லாம் அவள் அங்கிருந்து வெளியே வர முடியாது. சன்னல் இல்லாத, கரி படிந்த அந்த அறையில் நம் பாட்டிமார் கண்ணெரிச்சலோடு கழித்த ஆண்டுகளை நினைத்தால், தனிச் சமையலறையை மரபு என்று சொல்லி நெஞ்சில் அணைத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இத்தனையும் வீடு என்று சொல்லிக்கொள்ளும்படி வீடு இருந்தவர்களின் கதை. ஒற்றை அறைக் குடிசையில் அடுப்பும் தூளியும் பாயும் ஒரே இடத்தில்தான். திறந்த சமையலறை தமிழனுக்குப் புதிது என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான். ஏழை வீட்டில் அது எப்போதும் திறந்தே இருந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் விறகு, சாணி வறட்டிப் புகையின் நுண்துகள் எவ்வளவு மூச்சில் போகிறது என்று ஆராய்ந்து 2002-ல் வெளியிட்டார்கள். வீடுகளை அவர்கள் வகைப்படுத்திய விதமே நம் விஷயம்தான்: வீட்டுக்குள் தடுப்புள்ள அடுப்படி, தடுப்பில்லாத அடுப்படி, வெளியே தனிக் கொட்டகை, திறந்தவெளி அடுப்பு. எந்த எரிபொருள் என்பதோடு, அடுப்படி எங்கே எப்படி இருக்கிறது என்பதும் யார் எவ்வளவு புகையை விழுங்குகிறார்கள் என்பதைத் தீர்மானித்தது. அடுப்புக்கு முன் உட்கார்ந்த பெண்ணுக்குத்தான் அதிகம். தடுப்பில்லாத வீட்டில் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளைக்கும் கிழவருக்கும் சேர்த்துப் பங்கு.

ஐரோப்பாவில் சுவர் எழுந்தது வேறு கணக்கில். 1926-ல் பிராங்க்ஃபர்ட் நகரம் தொழிலாளர்களுக்குப் பெரும் எண்ணிக்கையில் வீடு கட்டியது. எர்ன்ஸ்ட் மே தலைமையிலான அந்தத் திட்டத்தில் சமையலறையை வரைந்தவர் வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நின்ற இடத்தில் திரும்பினால் கைக்கு எட்டும்படி எல்லாம் அமைத்தார். மாவு, சர்க்கரை, அரிசி என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்புப் பெட்டிகள்கூட உண்டு. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. அதை வரைந்த காலம்வரை தான் சமைத்ததே இல்லை என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆனாலும் பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற அக்கறை அந்த வரைபடம் முழுக்க இருக்கிறது. கூடத்தில் விளையாடும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சமைக்கட்டும் என்று இடையில் தள்ளு கதவு வைத்தார். அந்தத் தள்ளு கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் சுவரை இடித்தது பொருளாதார மந்தம். 1934-ல் மினியாபொலிஸ் நகரில் வில்லி குடும்பத்துக்குக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய சிறிய வீட்டில் சமையலறை கூடத்தோடு சேர்ந்தது. வேலைக்காரர் வைத்துக்கொள்ள வசதியில்லாத நடுத்தர வீட்டுக்காரி, சமைத்துக்கொண்டே விருந்தாளியிடம் பேச வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து மேடிசன் நகரில் ஜேக்கப்ஸ் வீட்டிலும் அதே ஏற்பாடு. போருக்குப் பின் புறநகர்களில் ஆயிரக்கணக்கில் எழுந்த வீடுகளுக்கு இது வழக்கமாகவே ஆகிவிட்டது. கரியும் விறகும் போய் கேஸும் மின்சாரமும் வந்ததால் புகை குறைந்தது; குளிர்நாட்டில் வீட்டைச் சூடேற்றும் காற்று வீடெங்கும் சுற்றுவதில் தொல்லை இல்லை; ஓவனில் வேகும் கோழிக்கு நெடி கிடையாது. அந்தச் சமையலுக்கு அந்தச் சமையலறை பொருந்தியது. வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, மீன் வறுக்கும் வீட்டை மனதில் வைத்து யாரும் அதை வரையவில்லை.

பிறகு எண்ணெய். 1938-ல் சவூதியின் கிழக்கே தஹ்ரானில் எண்ணெய் கொப்பளித்ததும் அமெரிக்கப் பொறியாளர்கள் தங்கள் ஊர்ப் புறநகரையே வேலிக்குள் கட்டிக்கொண்டார்கள். யான்புவுக்கு அந்த அலை கொஞ்சம் பிந்தி வந்தது. 1975-ல் அரசாணை ஒன்றால் ஜுபைல்-யான்பு ராயல் கமிஷன் உருவானது. மீனும் பேரீச்சையும் யாத்ரீகர்களுமாக இருந்த சிறு துறைமுகத்துக்குத் தெற்கே ஒரு தொழில் நகரத்தையே எழுப்பும் வேலை. கிழக்குக் கரையிலுள்ள ஜுபைலை பெக்டெல் மேற்பார்வையிட்டது, யான்புவை பார்சன்ஸ். இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். 1981-ல் கிழக்கே அப்கைக்கிலிருந்து பாலைவனத்தைக் குறுக்காகக் கடந்து சுமார் 1,200 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் யான்பு வந்து சேர்ந்தது. சுத்திகரிப்பாலை, பெட்ரோகெமிக்கல் ஆலை, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, வரிசை வரிசையாகக் குடியிருப்பு. ஹாலையும் அடுப்பையும் ஒரு மேடை மட்டும் பிரிக்கும் அமைப்பு எண்ணெய்க் காலத்தோடு அரபு மண்ணில் பரவியது. இன்றும் அரபுகள் அதை அமெரிக்கன் சமையலறை என்றே சொல்கிறார்கள்.

அதையொட்டிய இன்னொரு குழாயில் வேறொன்றும் வருகிறது. கச்சா எண்ணெயோடு கிடைக்கும் வாயுத் திரவமும் யான்புவுக்கு வந்து, இங்குள்ள ஆலையில் புரொப்பேன், பியூட்டேன் என்று பிரிந்து கப்பலேறுகிறது. சமையல் கேஸ் என்பது இந்த இரண்டும்தான். இந்தியா தன் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு வளைகுடா நாடுகளிலிருந்து. 2007-ல் தமிழ்நாடு அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியதும், 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்ததும் கிராமத்து அடுப்படிவரை சிலிண்டரைக் கொண்டுபோயின. சிலிண்டர் வந்ததும் சமையலறை மாறியது. தரையில் குந்தி ஊதுகுழலோடு போராடியவர் எழுந்து நின்றார். இடுப்பளவு உயரத்தில் மேடை வந்தது. சுவர் கரி பிடிப்பது நின்றது. புகைக்கூண்டு தேவையில்லாமல் போனது. சுவர் இருந்ததற்கான முதல் காரணமே போய்விட்டதால், அதை எடுத்துவிட்டால் என்ன என்று சென்னை பில்டர்கள் கேட்கவும் இது இடம் கொடுத்தது. யான்பு ஆலையில் ஆபரேட்டராக இருக்கும் தமிழர் பகலில் பிரித்து அனுப்பும் வாயுவில் கொஞ்சம் அவருடைய அம்மாவின் அடுப்பில் எரிந்தாலும் எரியலாம்.

புகை போனது, சரி. நெடி போகவில்லை.

சவூதிக் குடும்பங்கள் இதை நம்மைவிட முன்பே புரிந்துகொண்டன. யான்பு நகரத்தில் உள்ளூர்க்காரர்களுக்கென்று கட்டிய அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். வாசலை ஒட்டி மஜ்லிஸ். ஆண் விருந்தினர் அங்கேயே உட்கார்ந்து, பக்கத்தில் உள்ள சாப்பாட்டு அறையில் சாப்பிட்டு, அங்கேயே கைகழுவிக் கிளம்பிவிடலாம். குடும்பத்தின் கூடம் உள்ளே. சமையலறை கடைசியில், கதவோடு. மஜ்லிஸில் அகிற்புகையும் ஏலக்காய் போட்ட கஹ்வாக் காப்பியும் மணக்க வேண்டும். ஆட்டுக்கறி வேகும் வாடை அங்கே எட்டிப்பார்த்தால் வீட்டுக்காரருக்கு அது மரியாதைக் குறைவு. வில்லாவாக இருந்தால் காம்பவுண்டுக்குள் தனியாக ஒரு வெளிச் சமையலறை. பெரிய சட்டி கப்ஸா (இறைச்சிச் சோறு) அங்கேதான் வேகும். உள்ளே அழகான மேடையும் பளபளக்கும் அலமாரியுமாக இன்னொரு சமையலறை இருக்கும். அதில் தேநீர் மட்டும் போடுவார்கள். துபாய் வில்லாக்களில் இந்த இரட்டை ஏற்பாடு விளம்பரத்திலேயே வருகிறது.

நாட்டின் பொது இடங்களிலும் இதே சுவர் இருந்தது. உணவகம் என்றால் ஆண்களுக்கு ஒரு வாசல், குடும்பத்துக்கு ஒரு வாசல், குடும்பப் பகுதியில் மேசைக்கு மேசை தடுப்பு. 2019 டிசம்பரில் அந்தக் கட்டாயத்தை அரசு நீக்கியது. இன்று யான்பு கடற்கரைக் கடைகளில் இளம் குடும்பங்கள் திறந்தவெளியில் உட்கார்ந்து சாப்பிடுகின்றன. வீட்டு மஜ்லிஸின் சுவரோ பெரும்பாலும் அப்படியேதான் நிற்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். கம்பெனி கொடுத்த இரண்டு படுக்கையறை வீடு, ஓப்பன் கிச்சன். காலை ஷிஃப்ட் பஸ் ஐந்தரைக்கு. நாலரை மணிக்கு வீட்டுக்காரம்மா சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு வெடிக்க, வற்றலும் பெருங்காயமும் போடுகிறார். வெளியே அந்த நேரத்திலும் புழுக்கம், கடல் ஈரம் கண்ணாடியில் வழிகிறது. சன்னல் சாத்தித்தான் இருக்கிறது. ஹாலில் ஸ்பிளிட் ஏசி ஓடுகிறது. வீட்டில் ஓடும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. தாளிப்பின் எண்ணெய்த்துளியும் காரமும் அந்தச் சுற்றில் ஏறி, சோபாத் துணியில், திரைச்சீலையில், நாற்காலியில் மடித்து வைத்திருக்கும் ஆலை வேலை உடுப்பில் போய் உட்காருகின்றன. படுக்கையறையில் பிள்ளை தும்முகிறது. ஏசியின் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் தூசி உதிராது; எண்ணெயோடு சேர்ந்து பிசினாகியிருக்கும். "என்னங்க, சட்டையை ரூமுக்குள்ள மாட்டிக் கதவைச் சாத்துங்க" என்பது பல வீடுகளில் தினமும் கேட்கும் குரல்.

அடுப்புக்கு மேலே புகை உறிஞ்சி இருக்கிறதே என்பார்கள். அது இரண்டு வகை. ஒன்று குழாய் வழியாக வெளியே தள்ளும். மற்றது கரி வடிகட்டியில் காற்றை விட்டு மறுபடி அதே அறைக்குள் விடும். வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்றாவிட்டால் இரண்டாவது வகை வெறும் சத்தம். முதல் வகைக்கும் ஒரு நிபந்தனை உண்டு: வெளியே போகும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். எல்லாச் சன்னலையும் இறுக்கிச் சாத்திய வீட்டில் ஃபேன் சுற்றும், காற்று நகராது.

அதனால் யான்புத் தமிழ் வீடுகளில் சுவர் வேறு வேறு உருவத்தில் திரும்ப வந்திருக்கிறது. சிலர் வீட்டுக்காரரிடம் கேட்டு அலுமினியச் சட்டத்தில் கண்ணாடித் தள்ளு கதவு போட்டுக்கொள்கிறார்கள். அனுமதி கிடைக்காதவர்கள் கடைகளில் தொங்கும் தடித்த பிளாஸ்டிக் பட்டைத் திரையை மாட்டுகிறார்கள். மீன் வறுக்க மட்டும் பால்கனியில் மின் அடுப்பு வைப்பவர்களும் உண்டு. பழைய ஊர்ப் பக்கத்தில் அரபு பாணி வீடு எடுத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கதவுள்ள சமையலறை கிடைத்துவிட்டது, விருந்தாளிக்கான மஜ்லிஸைப் பிள்ளைகளின் படிப்பறையாக்கிவிட்டார்கள்.

நெடியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தனிச் சமையலறைக்கே முழு மதிப்பெண். ஆனால் அதே தனிச் சமையலறையில் நாள் முழுக்க நிற்பவர் யார் என்று கேட்காமல் விட முடியாது. குடும்ப விசாவில் வந்த பெண்களில் பலருக்கு இங்கே வேலை இல்லை, அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணை இல்லை. கணவர் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வெளியே நடக்க முடியாத வெயில். அப்படி ஒரு பெண்ணின் சமையலறைச் சன்னல் அடுக்குமாடியின் நடுவிலுள்ள காற்றுக் கிணற்றைப் பார்க்கிறது. எதிரில் இன்னொரு வீட்டின் எக்ஸாஸ்ட் ஃபேன். ஹாலில் தவழும் குழந்தையைப் பார்க்க நிமிடத்துக்கு ஒருமுறை அடுப்பை விட்டு ஓடி வருகிறார். இவருக்கு ஓப்பன் கிச்சன் ஒரு விடுதலை. குழந்தை கண்ணெதிரில் இருக்கும், டிவியில் ஊர்க்குரல் கேட்கும், வந்தவர்களோடு தானும் பேசலாம். அவர் சுவர் வேண்டாம் என்றால் அதற்கு நியாயம் இருக்கிறது.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு காட்சி. பேச்சிலர் அறைகளில் நம் ஆண்கள் முறை வைத்துச் சமைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பிரியாணி யார் முறை, பாத்திரம் யார் முறை என்று அட்டவணை சுவரில் ஒட்டியிருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டு இப்படி அடுப்பிலே நின்றவர்கள், மனைவி வந்து குடும்பமாக வீடு எடுத்த மறுநாளே கரண்டியைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கை மறந்துபோனதா என்ன? சமையலறையில் இரண்டு பேர் நின்றால் அது மூடியதா திறந்ததா என்பது பாதிப் பிரச்சினைதான். ஒருவர் மட்டும் நிற்கும்போதுதான் சுவர் சிறையாகிறது, சுவரில்லாமை காட்சிக்கூடமாகிறது.

இந்தக் குழப்பம் விடுமுறையில் ஊருக்கும் போகிறது. வளைகுடாப் பணத்தில் ராமநாதபுரத்திலும் தஞ்சைப் பக்கமும் எழும் வீடுகளில் ஹாலோடு சேர்ந்த மாடுலர் கிச்சன், கிரானைட் மேடை, மேடைக்கு இந்தப் பக்கம் உயர்ந்த நாற்காலி. ஆறு மாதம் கழித்துப் போனால் பின்பக்கம் தகரக் கூரை போட்டு ஒரு அடுப்படி முளைத்திருக்கும். அம்மா அங்கேதான் மீன் குழம்பு வைப்பார். கேரளத்து வளைகுடா வீடுகள் இதை ஒளிக்காமல் வரைபடத்திலேயே "வொர்க் ஏரியா" என்று போட்டுக்கொள்கின்றன. அரபு வில்லாவின் வெளிச் சமையலறையும் இதுதான். மூன்று ஊர்க்காரர்களும் கலந்து பேசாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் எந்த முடிவிலும் உண்மையில் சமைப்பவருக்குக் கிடைப்பது பின்பக்கம்தான்: தகரக் கூரையும் ஏசி இல்லாத புழுக்கமும். காசை முன்பக்கக் கிரானைட்டில் கொட்டிவிட்டு அம்மாவைத் தகரத்தடியில் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

எனக்குப் பிடித்தது 1926-ல் பிராங்க்ஃபர்ட்டில் வைத்த தள்ளு கதவுதான், கண்ணாடியில். தாளிக்கும் பத்து நிமிடம் சாத்திக்கொள்ளலாம். மற்ற நேரம் திறந்தே இருக்கட்டும். உள்ளே நிற்பவரும் குழந்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம். வளைகுடாவில் வீடு பார்க்கப் போகிறவர்கள் ஒரு டிஷ்யூ தாளைக் கையோடு கொண்டுபோங்கள். அடுப்புக்கு மேலுள்ள ஃபேனைப் போட்டு, தாளை அதன் வலையில் வைத்துப் பாருங்கள். ஒட்டி நின்றால் இழுக்கிறது, விழுந்தால் இழுக்கவில்லை. காற்று போகும் வாய் வெளிச்சுவரில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே தள்ளு கதவுக்கு எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். ஊரில் வீடு கட்டுகிறவர்கள், ஹால் டைல்ஸைத் தேர்ந்தெடுக்கும் முன் சமைக்கப்போகிறவரை உட்காரவைத்து, அடுப்பு எங்கே வேண்டும், சன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேளுங்கள்.